லூவான் சாயும் பக்கம்

வளைவு வருவதற்கு முன்பே லூவான் மெஸ்ஸரின் தோள் சாய்ந்துவிடும். ஓட்டுவது மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தாக இருந்தாலும் அப்படித்தான். பேருந்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அது தன்பாட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூச்சல் போடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாய்வுக்கு அர்த்தம் வரும். பேருந்துப் படி ஏறவே முனகும் அறுபத்திரண்டு வயது முழங்கால், பெரிய மோட்டார் சைக்கிளைக் கண்டால் வலியை மறந்துவிடும். இடப்பக்கம் திரும்ப, இடக்கைப் பிடியை முன்னே தள்ளுவார். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் பார்க்கும். வண்டி இடப்பக்கம் சாயும். இந்த முரண்பாடு அவரை ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை. வட கரோலினா மலைச்சாலையில் அவர் திரும்புவதைப் பார்த்தால், வளைந்தது சாலைதானோ என்று தோன்றும்.

கணவர் வெண்டெல்லுக்குப் பக்கவாதத்தில் இடக்கை துவண்டது. அதுவரை லூவான்தான் பின்சீட்டில். "சாக்கு மூட்ட மாதிரி இரு, வண்டி சாயுற பக்கம் சாயி" என்பார் வெண்டெல். இப்போது பின்சீட்டு மூட்டை அவர். ஆனால் அடங்காத மூட்டை. வளைவில் வண்டி சாய்ந்தால் இவர் விறைத்து நிமிர்வார். பின்னால் இருப்பவர் நிமிர்ந்தால், அதே வேகத்தில் அதே வளைவைக் கடக்க வண்டி இன்னும் தாழ்ந்தாக வேண்டும். போன வாரம் ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசித் தீப்பொறி பறந்தது.

"விழப்போறோம்னு நெனச்சேன்" என்றார் வெண்டெல்.

"அது உன் கண்ணு சொல்ற பொய்யி. உன் பிட்டத்தக் கேளு. சீட்டுல நேரா அழுந்தித்தானே இருக்கு? பஸ்ஸுலதான்யா பக்கவாட்டுல தள்ளும். இதுல கனம் மொத்தமும் கீழதான் எறங்கும். இன்னொரு தடவ உரசுச்சு, அடுத்த ஞாயிறு நான் தனியாத்தான் போவேன். நீ டிவியில பேஸ்பால் பாத்துக்கிட்டு கெட."

மலை இல்லாத ஞாயிறு எப்படி இருக்கும் என்பதை மருத்துவமனைப் படுக்கையில் வெண்டெல் பார்த்திருந்தார்.

இந்த ஞாயிறு, மலையடிவார உணவகத்தில் பன் போன்ற பிஸ்கட்டைக் கிரேவியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்த பழைய கூட்டாளி ஒருவன், "என்ன வெண்டெல், டிரைவர் வச்சுக்கிற அளவுக்கு வசதி வந்திருச்சா?" என்றான்.

"ஸ்கூல் பஸ் டிரைவருடா. வாலாட்டுனா எறக்கி விட்டுருவா" என்றார் வெண்டெல். கூட்டாளி சிரித்தான். வெண்டெல் சிரிக்கவில்லை.

போன வாரம் உரசிய அதே இடப்பக்க வளைவு வந்தது. லூவான் பிடியைத் தள்ளினார். வண்டி சாய்ந்தது. பின்னாலிருந்த கனமும் முரண்டு பிடிக்காமல் கூடவே சாய்ந்தது. வெண்டெல்லின் ஹெல்மெட் லூவானின் இடத்தோளுக்கு மேலே வந்து நின்றது. உரசல் இல்லை, பொறி இல்லை. இருவரும் சற்றுக் கூடுதலாகக் கனத்து, சீட்டில் அழுந்தி, வளைவைத் தாண்டினார்கள்.

நேர்ச்சாலை வந்ததும் லூவான் ஹெல்மெட் மைக்கில் கேட்டார்: "வளைவப் பாத்தியா?"

"கண்ணக்கூடச் சிமிட்டலயே!"

லூவான் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் வெண்டெல்லின் இமைகள் இன்னும் இறுக மூடியிருந்தன. அடுத்த வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. லூவான் இடக்கை விரலால் கண்ணாடியை மெல்ல வெளிப்பக்கமாகத் தள்ளி, சாலை மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டார்.