மைக்செட் ஒச்சாயியும் வாய்க்கால் பாலமும்

கோச்சடைக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில், கல்யாணமோ துக்கமோ, எதுவானாலும் ஒச்சாயியின் மைக்செட்தான் பாடும். புருஷன் காளை திடீரென்று இறந்தபோது, செட்டை விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். "அவருதான் பேசாமப் போயிட்டாரு, செட்டாவது பேசட்டும்" என்று சொல்லி, ஒலிபெருக்கிக் குழாய் கட்ட அவளே மரமேறினாள்.

அவளுக்கு ஒரே எதிரி, ஊருக்கு வரும் வழியில் குறுக்கே ஓடிய வாய்க்கால். அதன்மேல் கட்டிய பாலம் முதல் மழைக்கே கரைந்து போயிருந்தது. ஒருமுறை ஆம்ப்ளிஃபயரைத் தலையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தவள் வழுக்கி விழுந்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் எந்தப் பாட்டைப் போட்டாலும் செட்டு இருமிக்கொண்டே பாடியது.

எண்பத்திரண்டில் புதுப் பாலத்துக்கு உத்தரவு வந்தது. காண்டிராக்டர் நல்லகாமன், காளைக்குப் பங்காளி. பழைய பாலத்தைக் கட்டியவரும் அவர்தான். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஊர் கூடி, பேயாண்டி தலைமையில் கண்காணிப்புக் கமிட்டி போட்டது. நல்லகாமன் கமிட்டியைத் தன் தோப்புக்கு அழைத்துப்போய்க் கறிவிருந்து வைத்தார். திரும்பி வந்த பேயாண்டி ஏப்பம் விட்டபடி, "வேல சுத்தம். அஸ்திவாரம் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். அஸ்திவாரம் அதுவரை தோண்டப்படவே இல்லை.

ஒச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை தொடங்கிய அன்று வாய்க்கால் கரைப் புளியமரத்தில் குழாயைக் கட்டினாள். பாட்டுப் போடவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

"இப்ப மணலு கொட்டுறாக. மறுபடி மணலு. இன்னும் மணலு. சிமிட்டி மூட ஒண்ணு தெரியுது... அது கலவைக்கு வரல, மாட்டுவண்டியில ஏறுது. வண்டி எங்கிட்டுப் போகுதுன்னா, நல்லகாமனோட தம்பி புது வீடு கட்டுற பக்கமாப் போகுது."

நாற்று நட்டவர்கள் நிமிர்ந்தார்கள். டீக்கடையில் ரேடியோவை அணைத்தார்கள். வண்டிக்காரர் கூச்சப்பட்டு மாட்டைத் திருப்பி, மூடையை இறக்கிவிட்டுப் போனார். அதையும் சொன்னாள்.

நல்லகாமன் போலீசுக்குப் போனார். வந்த ஏட்டையா அனுமதி இருக்கிறதா என்று கேட்க, "செட்டு டெஸ்ட் பண்றேன் ஏட்டையா" என்றாள். அவர் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, டெஸ்ட் முடியும்வரை உட்கார்ந்து கேட்டார்.

கடைசியில் நல்லகாமனே மரத்தடிக்கு வந்தார். ஒச்சாயி மைக்கை அணைத்தாள்.

"மதினி, வீட்ல காதுகுத்து வச்சிருக்கேன். ஒரு மாசத்துக்கு செட்டு வேணும்."

"ஒரு மாசமாவா குத்தப்போறீக? யானைக்கா தம்பி காதுகுத்து?"

"வெளையாடாதீக மதினி. கமிட்டியே கம்முனு இருக்கு. அவுகளுக்குச் செஞ்சத ஒங்களுக்கும் செஞ்சிர்றேன்."

ஒச்சாயியின் கை சுவிட்சைத் தட்டியது. "அவுகளுக்கு என்ன செஞ்சீக? வெறும் கறிச்சோறுதான?"

"பேயாண்டி அண்ணன் வீட்டுக்கு வேலி போட்டுக் குடுத்தேன்ல! எல்லாம் பாலத்துக் கம்பி!"

கம்பி, கம்பி என்று வயல்வெளி முழுக்கக் கேட்டது. நல்லகாமன் வாயைப் பிளந்தபடி மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

மறுநாள் பேயாண்டி வீட்டு வேலியைக் காணோம். பாலத்தில் கம்பி கூடியிருந்தது. அதன்பிறகு நல்லகாமன், எப்படியும் மைக்கில் தன்னையும் சொல்வாள் என்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சிமிட்டி மூடையையும் ஒச்சாயிக்குக் காட்டிவிட்டுத்தான் பிரித்தார்.

திறப்பு விழாக் கல்வெட்டில் கமிட்டிக்காரர்கள் பெயரெல்லாம் இருந்தது, ஒச்சாயி பெயர் இல்லை. அவளுடைய மைக்கிலேயே பேயாண்டி, இந்தப் பாலத்தை இராப்பகலாகத் தான் காவல் காத்ததாக முழங்கினார். மைக் வீலென்று அலறியது.

"என்ன ஒச்சாயி, கோளாறா?"

"மைக்கு நல்லாத்தாண்ணே இருக்கு. பேச்சுத்தான் சேரல."

ஐப்பசி வெள்ளத்துக்குப் பாலம் அசையவில்லை. அந்த நல்ல பெயரில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் கட்டும் வேலையும் நல்லகாமனுக்கே கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் பதறியடித்து ஒச்சாயியிடம் வந்தார்கள்.

"எங்க கமிட்டியில ஒங்களையும் சேத்துக்கிறோம்க்கா."

"கமிட்டியெல்லாம் வேணாம்யா. கறிச்சோறு போடுவாக, தின்னுட்டு எப்படிப் பேசுறது? பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒசரமா மரம் இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."