துண்டை விலக்கினால் வேறு பிள்ளை

உலகச் சண்டை முடிந்த வருடக் கோடை. மேலகரத்தில் ஊரே கூடிக் குளம் தூர்வாரியது. கைப்பிள்ளைகளை மரநிழலில் கிடத்தியிருந்தார்கள்.

உச்சிவெயிலில் அப்பா என் தம்பியை ஈரத்துண்டால் முகம் மூடி வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

அம்மா துண்டை விலக்கி அலறினாள். “இது யாரு பிள்ள? எம்பிள்ளய எங்க விட்டிய?”

“ஏட்டி, நான் போட்ட எடத்துலதான எடுத்தேன்!”

நிழல் நகர நகர யாரோ பிள்ளைகளையும் நகர்த்தியிருக்கிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், தம்பி தள்ளித் தூங்குகிறான்.

தூக்கிவந்தது பேச்சிமுத்துவை. இன்று குற்றாலம் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன்.

“இல்ல அண்ணாச்சி, எங்கப்பாதான் ஒங்க தம்பிய மாத்தித் தூக்கிட்டு வந்தாரு” என்று சத்தியம் செய்கிறான்.

அப்போது அவனுக்கு ஆறு மாதம். ஆனாலும் எனக்கே குழப்பமாகிவிட்டது. யாரிடம் கேட்க?

அன்று குளத்தங்கரையில் இருந்தவர்களில், என்னை விட்டால், உயிரோடிருப்பவன் பேச்சிமுத்து ஒருவன்தான்.