ஆறாம் மாடிக்கு இரண்டு கேன் தண்ணீர்

ஷார்ஜா ரோலாவில் கோபாலசாமியைத் தெரியாத வாட்ச்மேன் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். இருபத்தாறு வருஷமாகக் குரோசரிக் கடையில் சைக்கிள் டெலிவரி. மிதித்த மிதியிலேயே இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தார், மச்சு வீடு எழுப்பினார். எவன் சிபாரிசும் இல்லை.

இந்த ஊர்ச் சனங்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வெயில் காலத்தில் ஒரு தீப்பெட்டிக்குக்கூட கடைக்குப் போன் அடிப்பார்கள். டிசம்பரில் காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் எல்லாருக்கும் திடீரென்று கால் முளைத்துவிடும். தாங்களே இறங்கி வந்து ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கிவிட்டு, 'வாக்கிங்' போனதாகப் பீற்றிக்கொள்வார்கள். அந்த மூன்று மாதமும் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

ஜனவரியில் கடை முதலாளி ஜெயசீலன் வாயைத் திறந்தார். நாகர்கோவில்காரர், வயதில் சின்னவர்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. மார்ச்சுல உங்க விசா முடியுதுல்லா. வெயில் வந்தா ஆர்டர் குவியும். அம்பத்தெட்டு வயசுல உங்க காலு தாங்குமா? பைக் லைசென்ஸோட சதீஷ்குமார்னு ஒருத்தன் இருக்கான். அவனையும் வச்சுப் பாப்போம்."

"என் காலையா கேக்குறீங்க? ஒங்க கடைக்குப் போர்டு மாட்டுறதுக்கு முந்தியே இந்த ரோட்டுல மிதிச்ச காலு மொதலாளி!"

சொல்லிவிட்டார். ஆனால் அன்று மாலை ஒரு கேனோடு நாலாம் மாடி ஏறியபோது முழங்கால் லேசாக ஆடியது. மூன்று வாரம் சும்மா உட்கார்ந்ததன் கோளாறு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, தண்ணீர் நிறைந்த இரண்டு கேன்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு கடலோரக் கார்னிஷ் சாலை வரை மிதித்தார். கடல் காற்று காதை அறுத்தது. திரும்பும்போது கேன்கள் அப்படியே இருந்தன. தினமும் இதே கதை. நடைப்பயிற்சிக்காரர்கள் சிரித்தார்கள்: "என்னண்ணே, அந்த வீடு இன்னுமா சிக்கல?"

கடைக்கு எதிர்க் கட்டடத்து ஆறாம் மாடி விஜயபாஸ்கரும் சைக்கிள்காரர்தான். ஆபீஸ் உத்தியோகம். அவர் சைக்கிள் விலைக்கு ஊரில் அரை ஏக்கர் வாங்கலாம். போடும் கால்சட்டையோ, பார்க்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும். ஒருநாள் கடையில் நின்று அலுத்துக்கொண்டார்.

"குளிர்ல மோட்டிவேஷனே வரமாட்டேங்குதுண்ணே. ஹால்லயே ஸ்டாண்ட் போட்டு மிதிக்கிறேன். இன்னிக்கு இருபது கிலோமீட்டர்!"

"போயி எங்க சார் எறங்குனீங்க? சோபாவுலயா?"

பதினாறு டிகிரிக்குப் போர்வைக்குள் சுருளுகிறவனுக்கு எந்த மோட்டிவேஷன் வந்து என்ன செய்யும்? விசா முடியப்போகிறவனுக்கு அலாரமே வேண்டாம்.

பிப்ரவரி கடைசியில் அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டது. விஜயபாஸ்கர் வீட்டிலிருந்து இரண்டு கேன் ஆர்டர். புதிதாகச் சேர்ந்திருந்த சதீஷ்குமார் எதிரே போவதற்கும் பைக்கில் சீறிக்கொண்டு போனான். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"மொதலாளி, லிஃப்ட் மாஃபி, ஓடவே இல்ல. ரெண்டாம் மாடில வச்சிட்டேன். கலாஸ், இதுக்கு மேல என்னால ஆகாது."

ஜெயசீலன் கோபாலசாமியைப் பார்த்தார். கோபாலசாமி சாலையைத் தாண்டி, இரண்டாம் மாடியில் கிடந்த கேனைத் தோளில் தூக்கினார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் விஜயபாஸ்கர் லேப்டாப் பையை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். நாய் மாதிரி மூச்சு இரைத்தது.

"என்ன சார், ஆபீஸ்லேர்ந்தா? இருபது கிலோமீட்டரும் அஞ்சு மாடியிலயே தீந்துபோச்சா? கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, தண்ணி போகணும்."

கேனைக் கதவருகே இறக்கிவிட்டு, இறங்கி, இரண்டாவதைத் தூக்கி மறுபடி ஏறினார். மனிதர் அப்போதும் அதே படியில்தான் இருந்தார். கோபாலசாமிக்கு முழங்கால் இம்மியும் ஆடவில்லை.

கடைக்குத் திரும்பியபோது ஜெயசீலன் பார்வை நேரே கீழே போயிற்று.

"நடுங்குதான்னு பாக்குறீங்களா? நல்லாக் குனிஞ்சு பாருங்க."

வாசலில் சதீஷ்குமார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டி பளபளவென்று இருந்தது, அதில் குறையில்லை.

"காலையில பாஸ்போர்ட்டக் கொண்டு வாங்க அண்ணாச்சி. விசா அடிச்சிருவோம்."

"ஏழு மணிக்கு மேலதான் வருவேன்," என்றார் கோபாலசாமி. "அதுக்கு முன்ன எனக்குக் கார்னிஷ்ல சோலி இருக்கு."