புளியமரத்துக்குக் கிழக்கே

அந்த வருஷங்களில் நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தேன். வேலை இல்லாத நேரமெல்லாம் யானைக் கூட்டங்களின் பின்னால் சுற்றினேன். யானை போட்ட லத்தி, காலடித் தடம், முறித்துப் போட்ட கிளை எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். ஆராய்ச்சி என்று நான் சொல்லிக்கொண்டேன். கூட வேலை செய்தவர்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டம் இறங்கும். எந்த ஓடை வழியாக வரும், எந்தத் தோப்பில் நிற்கும் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. செல்போன் அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்திருந்தது. இன்றைக்கு இந்தப் பக்கம் வரும், ராகிக் கொல்லையில் காவலுக்குப் படுக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவிடுவேன். ஆளும் சாகக் கூடாது, யானையும் சாகக் கூடாது, அவ்வளவுதான். வனத்துறைக்காரர்களே என்னிடம் கேட்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சூளகிரிப் பக்கம் ஒரு விவசாயி வீடு எனக்குச் சொந்த வீடு மாதிரி. அவரும் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். எப்போது போனாலும் களியும் கீரைக் கடைசலும் உண்டு. கூச்சப்பட்டால் அந்த அக்கா திட்டுவார். இரண்டு வருஷமாக யானை மிதித்து, அவர்கள் ராகி ஒரு மூட்டைகூட வீடு வந்து சேரவில்லை. எனக்குப் போட்ட களி கடையில் வாங்கிய மாவில் கிண்டியது. தெரிந்தும் சாப்பிட்டேன்.

மூன்றாவது வருஷம் கதிர் முற்றியபோது அவரே போன் செய்தார். நாளைக்கு ஓடை வழியாக வந்து, புளியமரத்தை ஒட்டி உங்கள் கொல்லைக்குள் இறங்கும் என்றேன். மரத்துக்கு எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டார். மாட்டை இடம் மாற்றிக் கட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கிழக்கே என்று தெளிவாகவே சொன்னேன்.

மறுநாள் எனக்கு நைட் ஷிப்டு. விடிந்து வெளியே வந்ததும் வனத்துறையிலிருந்து போன் வந்தது.

புளியமரத்துக்குக் கிழக்கே ஒரு பெண் யானை செத்துக் கிடந்தது. காது கிழிந்த அந்த யானையை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். மார்பில் பால் கட்டியிருந்தது. குட்டியைக் காணவில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து இழுத்த கரண்டுக் கம்பியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள், துதிக்கையில் கருகிய கோடு மட்டும் இருந்தது. ஊர்ச்சனம் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுக் கும்பிட்டது. அக்காதான் கற்பூரம் ஏற்றினார். வரப்பில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் அழுதேன்.

விவசாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொல்லணும்னு கட்டலைங்க. ஷாக் அடிச்சா பயந்து திரும்பிடும்னு நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இருந்ததே துண்டுக் கம்பிதாங்க. நீங்க எடம் சொல்லலைன்னா எங்கன்னு கட்டியிருப்பேன்?"

அவர் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்.

வனத்துறை ரேஞ்சர் வந்து கம்பி யாருடையது என்று விசாரித்தார். ஊர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னைக் கேட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யானையைக் கொன்றவனைச் சும்மா விடக்கூடாது என்று ஊர்க் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியவன் நான். தெரியாது என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு, என்னையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. குட்டி ஒன்று தனியாகக் கத்திக்கொண்டு திரிகிறதாம். அதைக் கூட்டத்தோடு சேர்த்துவிடலாம், கூட்டம் இப்போது எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். கிழக்கே என்று சொன்ன அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.