கஸ்தூரி சொல்லாமல் போன பெயர்

கஸ்தூரி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செங்கம் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." சொல்லியிருந்த டீயைக் குடிக்காமல் கிளம்பினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் தெருமுனையில் பேனர் வைத்துவிட்டார்கள். 'குழந்தைகளின் தாய்' என்று போட்டிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. உயிரோடு இருந்தபோதும் ஒரு விழா மேடையில் அவரை இப்படித்தான் அழைத்தார்கள். மைக்கை வாங்கி, "நான் யாருக்கும் அம்மா இல்லைங்க. போன் எடுக்கறது என் வேலை. நீங்க போன் பண்ணுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பேனர் வைத்தவர்களில் ஒருவராவது எப்போதாவது அழைத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குழந்தையை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், ஏதோ தப்பாக இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அழைக்கும் உதவி எண்ணில் பேசியவர் கஸ்தூரி. அவர் சொல்லும் இடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் நான். "கொழந்த இப்ப எங்க இருக்கு?" என்பதுதான் எப்போதும் அவருடைய முதல் கேள்வி. அழைத்தவரிடம் நீங்கள் யார் என்று அவர் விசாரித்து நான் கேட்டதில்லை.

பௌர்ணமி என்றால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். கிரிவலப் பாதையில் ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யாரோ பிச்சை எடுக்கிறார்கள், இவ்வளவு ஒலிபெருக்கிச் சத்தத்திலும் குழந்தை கண் விழிக்கவில்லை, மயக்க மருந்து கொடுத்திருப்பார்களோ என்று பக்தர்கள் அழைப்பார்கள். நான் வரும்வரை அங்கேயே நில்லுங்கள் என்றால் மாட்டார்கள். கிரிவலத்தை நடுவில் நிறுத்தக் கூடாதாம். "மலை எங்கயும் போவாதுங்க. கொழந்தையத் தூக்கினு போயிடுவாங்க" என்பார் கஸ்தூரி. ஒரு அம்மாள் மட்டும், புருஷன் திட்டத் திட்ட, வாயு லிங்கம் தாண்டி ஓரமாக நின்றார். அந்தக் குழந்தை பிழைத்தது. மற்றவர்கள் புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

இவ்வளவுக்கும் அவர்கள் அழைக்கவாவது செய்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அதற்குமேல் ஊரைச் சொல்லமாட்டேன். தாய் இறந்த ஒரு பெண் குழந்தை பெரியப்பா வீட்டில் இருந்தாள். வேலைக்குப் போகும்போது அவளை மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறார்கள், கையெல்லாம் சூடு வைத்த தழும்பு என்று ஒருவர் அழைத்துச் சொன்னார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எழுதமாட்டேன். கொட்டகைக்கு அவரே எனக்கு வழி காட்ட வேண்டியிருந்ததால் அந்தப் பெயரைக் கஸ்தூரியும் நானும் அறிவோம், வேறு யாரும் அறியார். போலீஸோடு போய்ப் பூட்டை உடைத்தோம். அவள் அழவில்லை. "பூட்ட ஒடச்சிட்டீங்களே, பெரியம்மா என்னத்தான கேப்பாங்க" என்றாள்.

ஊர் கொதித்தது. குழந்தைக்காக இல்லை, ஊர் மானத்துக்காக. பெரியப்பாவுக்குப் பரிந்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வேட்டி மடிப்புக் கலையாமல் அலுவலகத்துக்கு வந்தார்.

"யாரும்மா போன் பண்ணது? பேர மட்டும் சொல்லுங்க. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"ஒண்ணும் பண்ணலன்னா பேரு எதுக்குங்க?" என்றார் கஸ்தூரி.

அவர் விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார். ஊரே உட்கார்ந்து யோசித்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டியூஷன் டீச்சர்தான் என்று முடிவு கட்டியது. அவரிடம் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். கடையில் சாமான் தர மறுத்தார்கள். அந்த டீச்சர் கஸ்தூரியின் மேசைக்கு முன்னால் வந்து நின்று அழுதார். "நான் இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். ஊருல குடியிருக்க முடியல."

கஸ்தூரி சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போலீஸில் புகார் கொடுக்கக் கூட்டிப்போனார், டவுனில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தரவில்லை. டீச்சர் அவரைச் சபித்துவிட்டுப் போனார். எனக்கே கோபம் வந்தது, கல் நெஞ்சமா உங்களுக்கு என்று கேட்டுவிட்டேன். "ஒருத்தர இல்லன்னு சொன்னா சந்தேகம் அடுத்தவங்க மேல போவும் சார். அவங்களயும் இல்லன்னு சொல்லணும். கடைசில மிச்சம் இருக்கறவங்கள ஊரே புடிச்சிக்கும். அப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து எந்தக் கொழந்தைக்கும் போன் வராது" என்றார். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்த டீச்சரா, இல்லையா என்று நானும் இங்கே எழுதப்போவதில்லை.

சுடுகாட்டுக்கு அந்தப் பெரிய மனிதரும் வந்திருந்தார், ரோஜா மாலையோடு. "தங்கமான அம்மா" என்றார். பிறகு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தம்மாதான் போயிட்டாங்களே. இனிமே என்ன இருக்குது? அன்னிக்கு யாரு போன் பண்ணாங்கன்னு இப்பவாச்சும் சொல்லுங்க சார்."

சிதைக்கு இன்னும் தீ வைத்திருக்கவில்லை. கை ஓங்காமல் இருந்ததே பெரிய காரியம்.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணு?"

"கொட்டகையில கெடந்த பொண்ணு."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "அது எங்கயாச்சும் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். அவள் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கிறாள். இத்தனை வருஷம் ஒரு பெயருக்காக அலைந்த மனிதருக்கு அவள் பெயர் தெரியவில்லை.

எனக்குக் கஸ்தூரியிடமிருந்து மிஞ்சியிருப்பது சேலையோ படமோ இல்லை. இருவர் காத்த ஒரு பெயர். அன்று அழைத்தவர் இதை வாசிக்கிறார் என்றால் அவருக்கு ஒரு வார்த்தை: நிம்மதியாக இருங்கள். உங்கள் பெயரில் பாதி கஸ்தூரியோடு எரிந்துவிட்டது. மீதி என்னோடு எரியும்.