பெட்ரோல் வாடைக்கு ஊதுபத்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தபோது, என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்தே உள்ளே பெட்ரோல் வாடை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஆறு வயது மகள் வாந்தி எடுப்பாள். போய் இறங்கியதும் சீட்டைக் கழுவுவதே எனக்கு வேலை. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, என்ஜினில் கசிவு இல்லை என்றார்கள்.

"பழைய வண்டின்னா வாடை அடிக்கத்தான் செய்யும்" என்றார் கணவர். எனக்கும் வாதாடி அலுத்துவிட்டது. புறப்படும்போது காருக்குள் முன்பக்கம் ஓர் ஊதுபத்தி கொளுத்தி வைக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்த பஞ்சர் கடைக்காரர், அடியில் கிடந்த விரிப்பைத் தொட்டு முகர்ந்தார். அதை விலக்கிப் பார்த்தால், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் கசிந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

நிமிர்ந்தவர், முன்பக்கம் புகைந்த பத்தியைப் பார்த்தார். ஓடிவந்து பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். "யக்கா, பிள்ளைய உள்ள வச்சிக்கிட்டு எம்புட்டு நாளா இதைக் கொளுத்துதிய?"

மூன்று மாதமாக என்றேன். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

குழாயை மாற்றியதும் வாடை போனது, வாந்தியும் நின்றது. இப்போதெல்லாம் வண்டியில் வாடை வந்தால், எவ்வளவு அவசரமானாலும் முதலில் எல்லோரையும் கீழே இறக்கிவிடுகிறேன். காரணம் தெரியாமல் ஏறுவதில்லை.