சொல்லாமல் போர்ட்டிக்சனுக்கு

காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு தேநீர்க் கடையில் நானும் என் மனைவி சரசுவும் உட்கார்ந்திருக்கிறோம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வாசலில் கட்டிய புதுக் கொடி மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கிறது.

நாளைக்குப் போர்ட்டிக்சன் போவதாகத் திட்டம். அந்தச் சின்னக் கடற்கரை ஊரில்தான் சரசுவின் அண்ணன் இருக்கிறார். எங்கள் கல்யாணத்தை ஏற்காமல் எட்டு வருஷமாகப் பேசாதவர்.

எல்லாரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரரிடம் பஸ் நேரம் கேட்கிறேன்.

"காலையில ஏழு மணிக்கு ஒண்ணு இருக்கு. லிங்கி வழியாப் போவும். கடல் பார்க்கவா?"

"இவ அண்ணனைப் பார்க்க."

"தகவல் சொல்லிட்டீங்களா?"

"இல்ல நானா," என்கிறாள் சரசு. "கடுதாசி போட்டா, வராதேன்னு எழுதிடுவாரு. வாசல்ல போய் நின்னா அதை மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும்ல?"

நானா தேநீர் ஆற்றுவதை நிறுத்துகிறார். "சொல்லிட்டாருன்னா, தங்கச்சி?"

இரண்டு நாளாக நான் கேட்கத் துணியாத கேள்வி அது. சரசு நானாவை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"சொன்னா, கடலைப் பார்த்துட்டுத் திரும்பிடுவோம்."

திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தையும் நான் கேட்டு வைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்காம்.

தங்கியிருக்கும் அறைக்கு வந்ததும், பெரிய பெட்டி இங்கேயே இருக்கட்டும், கைப்பை போதும் என்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தக் கைப்பைக்குள் இரண்டு நாளுக்கான துணிகளை அமுக்கி அமுக்கி அடுக்குகிறாள்.